ஓஎஸ்பி-ஏ புரதமும் லைம் நோய்த் தடுப்பூசியும்

ஓஎஸ்பி-ஏ என்பது லைம் நோயை உண்டாக்கும் பொரீலியா பர்க்டார்ஃபெரி என்ற சுருள் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள கொழுப்புப்புரதம். இந்நோய்க்கு எதிராக மனிதருக்கென முதலில் உரிமம் பெற்ற தடுப்பூசி இதைக் கொண்டே உருவானது.

1970களின் நடுவில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், லைம் என்ற ஊரைச் சுற்றிப் பல குழந்தைகளுக்கு மூட்டுகள் வீங்கின. தாய்மார் இருவர் விடாமல் முறையிட்டதன் பேரில் யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் ஆய்வில் இறங்கினார். 1981இல் வில்லி பர்க்டார்ஃபர் நோயைப் பரப்பும் உண்ணியின் குடலில் கிருமியைக் கண்டார். அதன் மேற்பரப்புப் புரதங்களை ஆலன் பார்பர் ஆராய்ந்தார்.

ஓஎஸ்பி-ஏ பட்டினி கிடக்கும் உண்ணியின் குடற்சுவரில் கிருமியை ஒட்டவைத்திருக்கும். உண்ணி இரத்தம் குடிக்கத் தொடங்கியதும் கிருமி இப்புரதத்தைக் குறைத்து, ஓஎஸ்பி-சி என்ற வேறொரு புரதத்தை உருவாக்கி, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு நகர்கிறது. மனித உடலுக்குள் நுழையும்போது ஓஎஸ்பி-ஏ பெரும்பாலும் இருப்பதில்லை. அப்படியிருந்தும் அதற்கெதிரான தடுப்பூசி எப்படிப் பலித்தது? விடை உண்ணிக்குள் இருக்கிறது. தடுப்பூசி போட்டவரின் இரத்தத்தோடு எதிர்ப்பொருள்களும் உண்ணியின் குடலுக்குள் போய்க் கிருமியை அங்கேயே அழிக்கின்றன. நோய் உடலுக்குள் வருமுன்பே முடிந்துவிடுகிறது. தடுப்பூசி வரலாற்றில் இதற்கு இணையான அழகு அரிது. 1990இல் எலிகளில் பாதுகாப்பையும், 1992இல் உண்ணிக்குள்ளேயே கிருமி அழிவதையும் யேல் ஆய்வாளர்கள் காட்டினர்.

ஸ்மித்க்லைன் பீச்சமின் 'லைம்ரிக்ஸ்' 1998 டிசம்பரில் உரிமம் பெற்றது. சுமார் 11,000 பேரிடம் நடந்த சோதனையில் மூன்று ஊசிகளுக்குப் பின் அது 76 விழுக்காடு பாதுகாப்பளித்தது. ஆனால் ஓஎஸ்பி-ஏயின் ஒரு பகுதி மனித வெள்ளணுப் புரதம் ஒன்றை ஒத்திருப்பதால் மூட்டழற்சி தூண்டப்படலாம் என்ற கருதுகோள் அதே ஆண்டு வெளியானது. தடுப்பூசி பெற்றவர்களிடம் மூட்டழற்சி கூடியதாகச் சோதனைத் தரவு காட்டவில்லை. இருந்தும் வழக்குகள் தொடுக்கப்பட்டன, அச்சம் பரவியது, விற்பனை சரிந்தது. 2002 பிப்ரவரியில் நிறுவனம் மருந்தைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. நிரூபணமாகாத ஐயத்துக்குக் கொடுக்கப்பட்ட விலை பெரிது: அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,76,000 பேர் லைம் நோய்க்குச் சிகிச்சை பெறுவதாகப் பின்னர் மதிப்பிடப்பட்டது. நாய்களுக்கான தடுப்பூசிகள் மட்டும் தொடர்ந்து கிடைத்தன.

வால்னேவா, ஃபைசர் நிறுவனங்களின் புதிய தடுப்பூசியான 'விஎல்ஏ15' ஆறு வகை ஓஎஸ்பி-ஏக்களைக் குறிவைப்பது. சர்ச்சைக்குள்ளான பகுதி இதில் மாற்றப்பட்டுள்ளது. ஐந்து வயதுக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்ட மூன்றாம் கட்டச் சோதனை 2022இல் தொடங்கியது. ஓஎஸ்பி-ஏ தடுப்பூசிகள் அனைத்துக்கும் பொதுவான வரம்பு ஒன்று இதற்கும் உண்டு. கிருமி உடலுக்குள் வந்தபின் எதிர்ப்பாற்றல் விழித்தெழுந்து பயனில்லை. உண்ணி கடிக்கும் நேரத்திலேயே இரத்தத்தில் எதிர்ப்பொருள் போதிய அளவில் இருந்தாக வேண்டும். ஆகவே ஊக்க ஊசிகள் தேவைப்படுகின்றன.