பன்னீர் திராட்சை

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே பந்தலிட்டுப் பயிராக்கப்படும் கருநீலத் திராட்சை. மேனாட்டார் இதனை மஸ்கட் ஹாம்பர்க் என வழங்குவர். ஸ்கியாவா கிராஸா, அலெக்சாந்திரியா மஸ்கட் என்னும் இரு ஐரோப்பிய ஜாதிகளின் சங்கமத்தில் பிறந்த இக்கலப்பினத்தை, 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொணர்ந்தார் என்பர். குளிர்தேசங்களில் ஆண்டுக்கொருமுறையே பலன் தரும் கொடி, இங்குக் கவாத்துச் செய்த சுமார் நான்கு மாதங்களில் பழுத்துவிடுவதால், தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்தை முன்பின்னாக வைத்து ஆண்டு முழுவதும் அறுவடை நிகழ்த்துகின்றனர். விதையுள்ள பழம், விரலிடையே நசுக்கினால் பன்னீர் வாசனை எழும். அறுவடைக்காலத்து மழையில் பழம் வெடித்துவிடும் என்பதே குடியானவரின் நித்திய அச்சம். சிவப்பு மதுரசத்துக்கு இது உகந்ததேயெனினும், நிறமும் துவர்ப்பும் மந்தமாதலால் உத்தம மதுவகைகளோடு ஒப்பிடுவது மிகையே. 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது.