மூல விதியும் தனி விதியும்

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிப் புறப்படும் மின்சார ரயில், சானடோரியத்தைக் கடந்தவுடன் வந்து நிற்கும் குரோம்பேட்டையில், சி. ராஜம் அவர்கள் தமது சொந்தப் பொருளை ஈந்து 1949ஆம் ஆண்டில் ஸ்தாபித்த எம்.ஐ.டி. கல்லூரி, அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் பயின்ற ஸ்தலம் என்ற அளவில் தமிழர் பலருக்கும் பரிச்சயமானது. அதே வளாகத்தில் கணினியின் சுதந்திரத்துக்காக நடந்த ஒரு பெருமுயற்சியை அறிந்தவர்களோ மிகச் சிலர்.

2005ஆம் ஆண்டில் மத்திய அரசு, கட்டற்ற மென்பொருளுக்கென ஒரு தேசிய வள மையத்தைத் தோற்றுவித்து, அதை நடத்தும் பொறுப்பை இவ்வளாகத்திலுள்ள ஏ.யூ.-கே.பி.சி. ஆராய்ச்சி மையத்திடமும் சென்னை சி-டாக் நிறுவனத்திடமும் ஒப்படைத்தது. டெபியன் லினக்ஸை மூலமாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ என்ற இயங்குதளம் 2007இல் வெளிவந்தது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளிலும் விண்டோஸுடன் அதுவும் இடம்பெற்றது. பிறர் ஆக்கிய மூலத்தை ஏற்று, நமது தேவைக்கான திருத்தத்தை அதன்மேல் சேர்ப்பதே இம்முயற்சியின் அடிப்படை. அந்தத் திருத்தம் எங்கே எழுதப்படவேண்டும் என்பது அற்ப விஷயமன்று என்பதை, லினக்ஸில் பின்னணியில் இயங்கும் சேவைகளை நிர்வகிக்கும் முறையின் சரித்திரம் நன்கு காட்டுகிறது.

அக்காலத்து டெபியனில் சிஸ்டம் ஃபைவ் இனிட் என்ற பழைய முறையே வழக்கிலிருந்தது. ஒரு சேவையைத் தொடங்கவும் நிறுத்தவும் வேண்டிய கட்டளைகள் யாவும் ஈடிசி கோப்புறையினுள் நீண்டதொரு ஸ்கிரிப்டாக இருக்க, மென்பொருளை நிறுவத்தக்க தொகுப்பாக ஆக்கித்தரும் தொகுப்பாளர் வகுத்த விதியும், நிர்வாகி தமது இடத்தின் நிலைமைக்கேற்பச் செய்த திருத்தமும் அந்த ஒரே கோப்பில் பிரித்தறிய இயலாதபடி கலந்து கிடந்தன. புதிய பதிப்பை நிறுவும் நாளில் டெபியனின் நிறுவும் கருவியான டிபிகேஜி குறுக்கிட்டு, தொகுப்பாளரின் புதுக் கோப்பை ஏற்பதா, இருக்கும் கோப்பையே வைத்துக்கொள்வதா என்று கேட்கும். ‘ஒய்’ என்று விடையளித்தால் உழைத்துச் செய்த திருத்தம் விலகிப்போகும். ‘என்’ என்றால் புதிய பதிப்பின் சீர்திருத்தம் கிட்டாது. இச்சங்கடத்தைக் குறைக்கவே, சில மதிப்புகளை மட்டும் ஈடிசியில் ‘டிஃபால்ட்’ என்ற தனிக் கோப்புறைக்கு டெபியன் மாற்றிவைத்தது. ஆயினும் எவற்றை மாற்றலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஸ்கிரிப்டை எழுதியவரிடமே இருந்தது. அவர் எண்ணிப்பாராத ஒன்றை வேண்டியவருக்கு மூலத்தின்மீதே கைவைப்பதன்றி வேறு மார்க்கம் இருக்கவில்லை.

மென்பொருளாளர் லெனார்ட் பொட்டரிங் 2010 ஏப்ரலில் அறிவித்த சிஸ்டம்டி என்ற புதிய சேவை மேலாண்மை நிரல், இந்தக் கலப்பினை நீக்கியது. தொகுப்பாளரின் மூல விதி யூஎஸ்ஆர் கோப்புறையின் கீழும், நிர்வாகியின் தீர்மானம் ஈடிசியின் கீழும், மின்சாரம் போய் வந்தால் மறைந்துவிடும் தற்காலிக ஏற்பாடு ‘ரன்’ என்பதன் கீழும் வெவ்வேறாக நிற்கும். முரண்பாடு நேர்ந்தால் ஈடிசியின் சொல்லே செல்லும். பின்னர், முழுக் கோப்பையும் பிரதியெடுக்க வேண்டாமல், மாற்ற விரும்பும் வரியை மட்டும் எழுதும் வசதியும் சேர்ந்தது. வலைச் சேவையகமான என்ஜின்எக்ஸ் பிழையால் நின்றால் தானே மீண்டும் எழவேண்டும் என விரும்புபவர், ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ என்ற கட்டளையால் திறக்கும் தனிக் கோப்பில் ‘சர்வீஸ்’ என்ற தலைப்பும் ‘ரீஸ்டார்ட்’ என்ற ஒரு வரியும் எழுதினால் போதும். தொடக்கக் கட்டளையை மாற்றுவதில் மட்டும் நுட்பமொன்று உண்டு: ‘எக்செக்ஸ்டார்ட்’ என்பதை முதலில் வெறுமையாக எழுதி மூலத்தில் இருந்ததை நீக்கிய பிறகே புதியதை எழுதவேண்டும், இல்லையேல் இரண்டு கட்டளைகள் இருப்பதாகக் கருதிச் சாதாரணச் சேவையைத் தொடங்கவே சிஸ்டம்டி மறுத்துவிடும்.

இம்மாற்றம் பூசலின்றி வந்துவிடவில்லை. 2014 பிப்ரவரியில் டெபியனின் தொழில்நுட்பக் குழு சரிபாதியாகப் பிரிந்து, தலைவரின் தீர்மான வாக்கினாலேயே சிஸ்டம்டியை ஏற்றது. அதை ஒப்பாதோர் பிரிந்து சென்று, சிஸ்டம்டி இல்லாத டெவுவானை ஆரம்பித்தனர். ஒரே மென்பொருளிடம் இத்தனை அதிகாரம் குவியலாகாது என்ற அவர்களது அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் மூலத்தையும் திருத்தத்தையும் வேறுபிரித்த மட்டில் சிஸ்டம்டி செய்தது நியாயமே என்பது என் துணிபு.

திருத்தும் உரிமை நிர்வாகியோடு நின்றுவிடவுமில்லை. கணினியினுள் நுழையும் ஒவ்வொருவருக்கும் தனியானதொரு சேவை மேலாண்மை நிரல் இயங்குவதால், கல்லூரிக் கூடத்துப் பொதுக் கணினியில் அமரும் மாணவியும், நிர்வாகிக்குரிய ரூட் அதிகாரம் ஏதுமின்றி, தமது இல்லக் கோப்புறையின் ‘.கான்ஃபிக்’ பகுதியில் தமக்கு மட்டும் செல்லும் விதிகளை எழுதிக்கொள்ளலாம். நிற்க மறுக்கும் சேவைக்காகக் கணினி 90 விநாடி காத்திருப்பது மூல விதி. தமது சேவைகளுக்கு அதைப் பதினைந்தாகக் குறைக்க அவருக்கு உரிமையுண்டு, அதே கணினியில் நுழையும் பிறரின் 90 விநாடி அதனால் மாறாது.

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் வட்டாரத்துக் கல்லூரிகளில் லினக்ஸ் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: மூலக் கோப்பைத் திறந்து திருத்தும் குறுக்குவழியை மாணவருக்குக் காட்டாதீர்கள், திருத்தத்தைத் தனிக் கோப்பில் எழுதவும், அதன் காரணத்தைத் தமிழில் ஒரு வரி குறித்துவைக்கவும் முதல் வகுப்பிலேயே பழக்குங்கள்.