பெயர் பரந்தனில், பீடம் கொழும்பில்

பரந்தன் சந்தியில் திரும்பித் தர்மபுரம் செல்வோர் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையின் இடிபாடுகளை அறிவர். ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் உற்பத்தி செய்த அத்தொழிற்சாலை 1985 இல் முடங்கியது. ஆனால் பரந்தன் என்ற பெயரைத் தாங்கிய அரச நிறுவனம் முடங்கவில்லை. கொழும்பில் அலுவலகம் அமைத்து, வெளிநாட்டுக் குளோரினை இறக்குமதி செய்து, குடிநீர்ச் சுத்திகரிப்புக்கு விநியோகித்து வந்தது. ஊருக்குத்தான் தொழில் இல்லாது போயிற்று.

போரை மட்டும் காரணமாகக் கூறி நாம் இதனைக் கடந்துவிட முடியாது. துப்பாக்கிகள் ஓய்ந்த பின்னர், 2012 இல், திவிநெகும சட்டமூலம் கொண்டுவரப்பட்டது. சமுர்த்தி உள்ளிட்ட அமைப்புகளையும் கிராமத்துச் சிறுசேமிப்பையும் ஒரே மத்திய திணைக்களத்தின் கீழ்க் கொண்டுவருவது அதன் நோக்கம். கிராம அபிவிருத்தியும் கூட்டுறவும் 13 ஆவது திருத்தத்தின்படி மாகாணங்களுக்கு உரியவை. எனவே மாகாண சபைகளின் கருத்தைப் பெற வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். வடக்கிலோ தெரிவு செய்யப்பட்ட சபையே இருக்கவில்லை. சபைக்குப் பதிலாக ஆளுநர் இணக்கம் தெரிவிப்பது போதாது என நீதிமன்றம் கூறிய பின்னரும், 2013 ஜனவரியில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் சட்டம் நிறைவேறியது. வடமாகாண சபைத் தேர்தல் நடந்தது அதற்கு எட்டு மாதங்களின் பின்னரே! அச்சபையின் ஆயுளும் 2018 ஒக்டோபரில் முடிந்தது; ஆளுநர் ஆட்சி மீண்டது.

ஐரோப்பாவில் நடந்ததை இங்கு நோக்குவது பொருந்தும். அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்துக்கு நிகரான ஒன்றை அமைக்க, ஆணைக்குழுவின் அன்றைய தலைவர் பரோசோ 2005 இல் முன்மொழிந்தார். பல்கலைக்கழகங்கள் பலவற்றின் எதிர்ப்பால் திட்டம் உருமாறியது. 2008 இல் உருவான நிறுவகத்துக்கு புடாபெஸ்டில் தலைமையகம் மட்டுமே அமைந்தது. ஆய்வும் முயற்சியாண்மையும் பல நாட்டு நகரங்களில் பரந்த கூட்டுகளிடம் விடப்பட்டன. நிதியைப் பங்கிட்டுக் கணக்குக் கேட்கும் பொறுப்பு மத்தியிடம் இருந்தது. மத்தி என்ற ஒன்றே வேண்டாம் என்பது எமது வாதமுமல்ல.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014 முதல் இயங்குகின்றது. ஆனால் அங்கு பிறக்கும் கண்டுபிடிப்புக்கு ஆக்கவுரிமை வழங்கும் அலுவலகமும், தர்மபுரத்து உற்பத்திப் பொருளுக்கு எஸ்.எல்.எஸ். சான்று வழங்கும் கட்டளைகள் நிறுவகமும் கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்டவை. அவற்றின் தீர்மானிக்கும் அதிகாரத்தில் ஒரு பங்கு வன்னிக்கு வரவேண்டும். கூட்டுறவுக் கடன் யாருக்கு, எதற்கு என்பதையும் கிளிநொச்சியிலேயே முடிவு செய்ய வழி பிறக்க வேண்டும். பரந்தனில் புதிய தொழிற்சாலை எழுமாயின், அதன் இயக்குநர் சபை எங்கே கூடும் என்பதை இப்போதே கேட்டு வைக்கின்றோம்.