மூக்கை இழந்தவரும் மூக்கை வெறுத்தவளும்



ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ‘என் ஆசை’ எனும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். மருத்துவர், விமானி, காற்பந்து வீரர் என வழக்கமான ஆசைகளுக்கிடையே ஒரு மாணவி, “நான் பெரியவளானதும் சம்பாதித்து என் மூக்கைச் சரிசெய்துகொள்வேன்” என்று எழுதியிருந்தாள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. சிவப்பு மையால் எதைத் திருத்துவது? அன்றிரவு, மூக்கைச் சரிசெய்யும் கலையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

இக்கலையின் பழைமையான வேர்களுள் ஒன்று இந்தியாவில் உள்ளது. மூக்கை அறுப்பது அங்கு ஒரு தண்டனையாக இருந்தது. இழந்த மூக்கைக் கன்னத்துத் தோலைக் கொண்டு மீண்டும் அமைக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை விளக்குகிறது. இலையால் அளவெடுத்துத் தோலைப் பொருத்த வேண்டும். மூச்சுவிட இரு குழாய்களைச் செருக வேண்டும் என்கிறது அந்நூல்.

1792-ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர், திப்பு சுல்தானின் வீரர்களிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். பின்னர், செங்கல் செய்யும் குலத்தவர் ஒருவர் மெழுகினால் அளவெடுத்து, நெற்றித் தோலைத் திருப்பி அவருக்குப் புதுமூக்கு அமைத்தார். 1794 அக்டோபரில் இலண்டன் இதழொன்றில் இச்செய்தி வெளிவந்தது. அதனால் தூண்டப்பெற்ற ஜோசப் கார்ப்யூ எனும் மருத்துவர் 1814-இல் இலண்டனில் இதே முறையைச் செய்து காட்டினார். முதல் உலகப்போரில் முகம் சிதைந்த 5,000-க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு ஹெரால்ட் கில்லீஸ் குழுவினர் இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையில் சிகிச்சை அளித்தனர்.

இதுவரை நாம் கண்டது இழந்ததை மீட்டுத் தரும் அறம். இழக்காதவர்மீதும் கத்தி வைக்கும் வழக்கம் எப்படி வந்தது?

1898-இல் பெர்லின் மருத்துவர் யாக்கோப் யோசேப், பெரிய மூக்கினால் வெட்கி வெளியே செல்லவே தயங்கிய ஒருவரின் மூக்கைச் சிறிதாக்கினார். அந்த மூக்கில் நோயேதும் இல்லை. பார்ப்பவர் கண்ணில்தான் நோய் இருந்தது. 1921-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் அழகிப் போட்டி தொடங்கியது. 1923-இல் புகழ்பெற்ற நடிகை ஃபேனி பிரைஸ் தம் மூக்கைத் திருத்திக்கொண்டார். ஆல்பிரட் அட்லர் எனும் உளவியலாளர் பரப்பிய ‘தாழ்வு மனப்பான்மை’ எனும் கருத்தை அக்கால அமெரிக்க மருத்துவர்கள் சிலர் பற்றிக்கொண்டனர். மனத்தின் தாழ்வைக் கத்தியால் நீக்கலாம் என்றனர். தாழ்வை விதைத்த சமூகத்திற்கு மட்டும் எவரும் சிகிச்சை செய்யவில்லை.

1962-இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் மார்பகத்தினுள் சிலிக்கோன் பை வைக்கும் முறை தொடங்கியது. 2010-இல் பிரான்சு நாட்டு நிறுவனமொன்று தொழிற்சாலைச் சிலிக்கோனை அப்பைகளில் நிரப்பி விற்றது அம்பலமாயிற்று. பல நாடுகளில் இலட்சக்கணக்கான பெண்கள் அவற்றைத் தம் உடலுள் சுமந்துகொண்டிருந்தனர். நிறுவனர் 2013-இல் தண்டிக்கப்பட்டார்.

தீக்காயம் பட்டவருக்கும் உதடு பிளந்து பிறந்த குழந்தைக்கும் இக்கலை ஒரு வரம். விரும்பிச் செய்துகொள்ளும் பெண்ணையும் நான் பழிக்கவில்லை. அந்த விருப்பத்தை அவளுள் வைத்தவர் யார் என்பதே என் கேள்வி.

மாணவியிடம் மெல்ல விசாரித்தேன். “வீட்டில் எல்லாரும் என்னைச் சப்பை மூக்கி என்றுதான் கூப்பிடுவார்கள், டீச்சர். செல்லமாகத்தான்” என்றாள். பெற்றோர்மீது சினம் பொங்கியது. ஆனால், அடுத்த கணமே என் நினைவு என்னைச் சுட்டது. பள்ளி ஆண்டுவிழா நடனத்தில் சிவந்த பிள்ளைகளை முன்வரிசையிலும் கறுத்த பிள்ளைகளைப் பின்வரிசையிலும் ஆண்டாண்டாக நிறுத்தியது யார்? நான்தானே!

இனி உயரத்தைப் பார்த்து மட்டுமே வரிசை அமைப்பேன். பெற்றோர்களே, நீங்களும் செல்லப் பெயரை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கவாஸ்ஜியின் மூக்கை அறுத்தது பகைவரின் கத்தி. நம் பிள்ளைகளை அறுப்பது நம் நாவாக இருக்கலாகாது.