முத்திரை அரசனுடையது, பொன் யாருடையது?

உலகின் முதல் நாணயங்கள் எங்கே பிறந்தன என்று கேட்டால் லிடியாவில் என்பதுதான் வழக்கமான பதில். இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில், சார்டிஸ் நகரைத் தலைநகராகக் கொண்டிருந்த அரசு அது. சொன்ன மறுவரியிலேயே குரோசஸ் என்ற அரசன் வந்துவிடுவான். செல்வத்துக்கே மறுபெயராகிப் போனவன். நாமும் அப்படித்தான் படித்தோம். அந்தப் பொன்னை ஆற்றில் அரித்தவர்கள் யார், நெருப்பில் புடமிட்டவர்கள் யார் என்று யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாணயம் வருவதற்கு முன்பும் பணம் இருந்தது. லிடியாவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே மெசொப்பொத்தேமியாவில் வெள்ளியைத் தராசில் நிறுத்து விலை பேசினார்கள். வணிகம் நடக்க நாணயம் கட்டாயமில்லை. லிடியாவில் புதிதாக வந்தது முத்திரை. குறித்த எடையுள்ள உலோகத் துண்டில் சிங்கத் தலையைப் பதித்து, 'இதன் மதிப்புக்கு நான் பொறுப்பு' என்று அதிகாரம் சொன்னது. அதாவது, தராசின் இடத்தில் அரசு வந்து உட்கார்ந்தது.

1904-05இல் எஃபெசஸ் நகரின் ஆர்ட்டெமிஸ் கோயில் அடித்தளத்தில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்திய அகழாய்வில் இத்தகைய தொல் நாணயங்கள் 90க்கும் மேல் கிடைத்தன. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியை ஒட்டியவை. அவை தனித் தங்கமல்ல. பொன்னும் வெள்ளியும் கலந்த எலக்ட்ரம். லிடியச் சிங்க நாணயங்களைச் சோதித்தபோது பொன் ஏறத்தாழ 55 விழுக்காடுதான் இருந்தது. மீதி வெள்ளியும் சிறிது செம்பும். சார்டிஸ் வழியே ஓடும் பக்டோலஸ் ஆற்றுப் பொன்னில் இதைவிடத் தங்கம் அதிகம். ஆகவே வெள்ளி தெரிந்தேதான் சேர்க்கப்பட்டது. கலப்பு எல்லா நாணயத்திலும் ஒரே சீராக இருக்கட்டும் என்பதற்காக என்கிறார்கள் சில அறிஞர்கள். உலோகத்தின் மதிப்புக்கும் முத்திரையின் மதிப்புக்கும் உள்ள இடைவெளி அரசின் லாபம் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். கண்ணால் பார்த்து மாற்றுச் சொல்ல முடியாத உலோகத்தில் முத்திரையை நம்புவதைத் தவிர வாங்குகிறவருக்கு வேறு வழி குறைவு. கிரேக்கர்கள் உரைகல்லையே 'லிடியக் கல்' என்று அழைத்தார்கள் என்பதைப் பார்த்தால், நம்பிக்கை இருந்த அளவுக்குச் சந்தேகமும் இருந்தது தெரிகிறது.

குரோசஸ் காலத்தோடு இணைத்துச் சொல்லப்படும் நாணயங்களில் இந்தக் கலப்பு இல்லை. தங்கம் தனி, வெள்ளி தனி. சிங்கமும் காளையும் எதிரெதிரே நிற்கும் நாணயங்கள் அவை. இயற்கையிலேயே கலந்து கிடப்பதைப் பிரித்தது எப்படி? 1968இல் ஹார்வர்டு, கார்னெல் பல்கலைக்கழகங்களின் அகழாய்வுக் குழு சார்டிஸில் ஆற்றங்கரைப் பட்டறை ஒன்றைக் கண்டெடுத்தபோது விடை கிடைத்தது. பொன்னை மெல்லிய தகடாக அடித்து, உப்போடு மண்கலத்தில் அடுக்கி, உருகிவிடாத சூட்டில் நெடுநேரம் புடமிட்டிருக்கிறார்கள். உப்பின் ஆவி வெள்ளியைப் பிரித்தெடுக்க, தங்கம் மிஞ்சும். பிரிந்த வெள்ளியை ஈயத்தோடு உருக்கி மீட்டார்கள். சூடு ஏறினால் பொன் உருகும், இறங்கினால் வெள்ளி பிரியாது. வெப்பமானி இல்லாத காலத்தில் நெருப்பின் நிறத்தைப் பார்த்தே காத்திருந்த கைகள் அவை. ஈயப் புகை உடலை என்ன செய்யும் என்பதை இன்று நாம் அறிவோம்.

இந்தக் கைகளின் பெயர் எந்த நாணயத்திலும் இல்லை. ஆற்றில் பொன் வந்ததற்குச் சொல்லப்பட்ட கதையில்கூட மிடாஸ் என்ற அரசன் வந்து கை கழுவினான், மணல் பொன்னானது என்றே இருக்கிறது. இடுப்பளவு நீரில் நின்று மணலை அலசியவர் புராணத்திலும் இல்லை.

ஆனால் ஓரிடத்தில் உழைத்தவர்கள் எழுதப்பட்டார்கள். குரோசஸின் தந்தை அலியாட்டஸின் கல்லறை மேடு சார்டிஸுக்கு வடக்கே இன்றும் 60 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. அதைக் கட்டியவர்கள் சந்தை வணிகர்கள், கைவினைஞர்கள், பாலியல் தொழில் செய்த பெண்கள் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதினார். உச்சியில் ஐந்து கல் அடையாளங்கள் இருந்தன, ஒவ்வொரு பிரிவும் செய்த வேலையின் அளவு அவற்றில் பொறிக்கப்பட்டிருந்தது, அளந்து பார்த்தால் அந்தப் பெண்களின் பங்கே பெரிது என்கிறார். லிடிய எளிய குடும்பத்துப் பெண்கள் இவ்வாறு சீர்ப்பணம் சேர்த்து, தங்கள் திருமணத்தைத் தாங்களே முடிவு செய்தார்கள் என்றும் சொல்கிறார். இதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அயலாரின் பெண்களை இழிவாகப் பேசுவது எக்காலத்திலும் உள்ள வழக்கம்தான். லிடியர்களே முதலில் பொன், வெள்ளி நாணயம் அடித்தவர்கள், முதல் சில்லறை வணிகர்கள் என்று அடுத்த பத்தியில் எழுதியவரும் அவர்தான். நாணய வரலாறு பேசுவோர் அந்த வரியை எடுத்துக்கொண்டார்கள். முந்தைய பத்தி வேடிக்கைச் செய்தியாக ஒதுங்கிப்போனது.

கி.மு. 546 வாக்கில் பாரசீகத்தின் சைரஸ் சார்டிஸைக் கைப்பற்றினான். அரசன் போனான், சிங்கமும் காளையும் பொறித்த நாணயம் மட்டும் பல ஆண்டுகள் அதே வடிவில் தொடர்ந்தது. யார் ஆண்டாலும் புடமிடத் தெரிந்த கைகள் தேவைப்பட்டன. குரோசஸ் இல்லாமல் குரோசஸின் நாணயம் வந்தது. அந்தத் தொழிலாளர் இல்லாமல் வந்திருக்காது. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் அந்தச் சிங்கத்தைப் பார்க்கும்போது, பெயர்ப்பலகையில் இல்லாத இந்தச் செய்தியையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.