பணியிட நலத் திட்டங்களில் உடல்நல இடர் மதிப்பீடு

உடல்நல இடர் மதிப்பீடு என்பது இன்னும் வராத நோய் ஒருவருக்கு வரக்கூடிய வாய்ப்பை முன்கூட்டியே கணிக்கும் முறை. நோயைக் கண்டறியும் சோதனை அன்று. நிறுவனங்கள் ஊழியர்களுக்காக நடத்தும் நலத் திட்டங்களில் பெரும்பாலும் இதுவே முதல் படி. புகைப்பழக்கம், உணவு, உறக்கம், மன அழுத்தம், குடும்பத்தில் உள்ள நோய்கள் பற்றிய வினாப்படிவம் ஒன்று தரப்படும். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், எடை ஆகியவற்றையும் பல இடங்களில் அளப்பார்கள். பின்னர் ஒவ்வொருவருக்கும் தனி அறிக்கை கிடைக்கும்.

கணக்கு எப்படி நடக்கிறது என்பதற்குச் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் நல்ல எடுத்துக்காட்டு. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோரின் நீரிழிவு ஆகிய நான்குக்கும் சேர்த்து 100 மதிப்பெண். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இடர் அதிகம். 45 வயது ஆண் ஒருவருக்கு வயதுக்காக 20, இடுப்பு 95 செ.மீ. என்பதால் 10, உடற்பயிற்சியே இல்லாமல் உட்கார்ந்து வேலை செய்வதால் 30, தந்தைக்கு நீரிழிவு இருப்பதால் 10, ஆக மொத்தம் 70. வயதையும் தந்தையையும் அவரால் மாற்ற முடியாது. உடற்பயிற்சியை வழக்கமாக்கிக்கொண்டால் அந்த 30 குறையும். எதை மாற்ற முடியும் என்று காட்டுவதே இம்முறையின் உண்மையான பயன்.

இதன் வேர் அமெரிக்காவில் உள்ளது. லூயிஸ் ராபின்ஸ், ஜாக் ஹால் என்ற இரு மருத்துவர்கள் 1970இல் வெளியிட்ட நூல் இம்முறையை மருத்துவர்களிடம் கொண்டுசென்றது. பின்னர் நிறுவனங்கள் இதை ஏற்றன. ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுச் செலவைப் பெரும்பாலும் அங்கு முதலாளிகளே ஏற்பதால், நோயைத் தடுத்தால் செலவு குறையும் என்று நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை சோதனையில் தேறவில்லை. இல்லினாய் பல்கலைக்கழகம் 2016இல் ஏறத்தாழ 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்தது. மதிப்பீட்டுப் படிவமும் பரிசோதனையும் ஊக்கத்தொகையும் பெற்றவர்களின் மருத்துவச் செலவு குறையவில்லை. திட்டத்தில் விரும்பிச் சேர்ந்தவர்கள் முன்பே குறைந்த மருத்துவச் செலவு உடையவர்களாக இருந்தார்கள். இந்த வேறுபாட்டைத்தான் பழைய ஆய்வுகள் பல திட்டத்தின் வெற்றியாகக் கணக்கிட்டுவிட்டன. படிவம் இடரைச் சொல்லும். அதைக் குறைக்க மருத்துவரும் நேரமும் தொடர் கவனிப்பும் வேண்டும்.

இன்னொரு சிக்கல் கட்டாயம். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 2013இல், படிவத்தை நிரப்பாதவர்களுக்கு மாதம் 100 டாலர் கூடுதல் கட்டணம் அறிவித்தது. அடுத்த ஆண்டில் கருத்தரிக்கும் எண்ணம் உண்டா என்றுகூடப் பெண்களிடம் கேட்டது அப்படிவம். எதிர்ப்பு கிளம்பியதும் கட்டணம் கைவிடப்பட்டது. வேலை தருபவர் பார்ப்பாரோ என்ற அச்சத்தில் எழுதப்படும் பதில் உண்மையாக இராது. பதில் பொய்யானால் மதிப்பெண்ணும் பொய்.

உடல்நலக் கேள்விகளுக்கான பதில் ஊழியரின் சொந்த விருப்பத்தில் அமைய வேண்டும் என்கிறது 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம். குடும்ப நோய் வரலாற்றை 2008ஆம் ஆண்டின் மரபணுத் தகவல் சட்டம் பாதுகாக்கிறது. காப்பீட்டுச் செலவில் 30 விழுக்காடு வரை ஊக்கத்தொகை தரலாம் என்ற 2016ஆம் ஆண்டு விதி நீதிமன்றத்தில் நிற்கவில்லை; 2019 தொடக்கத்தில் நீங்கியது. அதே ஆண்டில், திட்டத்தில் சேராதவர்களிடம் வாரம் 25 டாலர் பிடித்த யேல் பல்கலைக்கழகத்தின் மீது ஊழியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2022இல் 12.9 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு பல்கலைக்கழகம் அவ்வழக்கை முடித்துக்கொண்டது.