எல்கைச் சாலை: கரிசல் சீமையின் மாட்டுவண்டிப் பந்தயம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த மானாவாரிச் சீமையில் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கெனத் தனிக் களம் அமைக்கும் வழக்கம் இல்லை. ஊரை ஊரோடு இணைக்கும் பொதுச் சாலையே பந்தயக் களமாகவும் விளங்கியது. கொங்கு நாட்டு ரேக்ளா வண்டிப் பந்தயத்தில் 200 அல்லது 300 மீட்டர் நேர்பாதையை வண்டி எத்தனை நொடியில் கடக்கிறது என்பதே வெற்றியைத் தீர்மானிக்கும். தென்மாவட்டப் பந்தயத்திலோ பல வண்டிகள் ஒருசேரப் புறப்பட்டு, ‘எல்கை’ எனப்படும் திரும்பும் எல்லை வரை ஓடி, அதே சாலை வழியாகவே மீள வேண்டும். கிலோமீட்டர் கணக்கு வந்து பல பத்தாண்டுகள் கடந்த பின்னும், பந்தயத் தூரம் ‘போக வர 8 மைல்’ என்றே அறிவிக்கப்படுகிறது.

இவ்வழக்கம் வேரூன்றியதற்கு வேளாண்மையும் வண்டிப் போக்குவரத்துமே காரணங்களாயின. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படும் கரிசல் காட்டில் தை, மாசியில் அறுவடை பெரும்பாலும் முடிந்துவிடும். அடுத்த உழவு வரையிலான ஓய்வுக் காலத்தில் கோயில் கொடைகளும் பொங்கல் விழாக்களும் வந்தமைந்ததால், உழவு மாட்டின் வலுவை ஊரறியக் காட்டுவதற்குப் பந்தயம் வாய்ப்பாயிற்று. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக மானாமதுரைக்குச் செல்லும் இருப்புப்பாதை 1963–64இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை பருத்தியையும் தவசத்தையும் விருதுநகர்ச் சந்தைக்குக் கொண்டுசேர்ப்பதில் மாட்டுவண்டிக்குப் பெரும்பங்கு இருந்தது. ஆகவே சாலை வண்டிக்கு உரியது என்ற எண்ணம் அக்காலத்தில் இயல்பானதாகவே இருந்தது.

மாடுகளின் வயதையும் உருவையும் கொண்டு பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு எனப் போட்டிகள் பிரிக்கப்படுகின்றன. வண்டியை ஓட்டுபவர் சாரதி எனவும், தேவையான இடத்தில் குதித்து உடன் ஓடி மாட்டை விரட்டுபவர் துணைச் சாரதி எனவும் அழைக்கப்படுகின்றனர். இப்பந்தயத்தின் ஆபத்து மாட்டின் வேகத்தைவிடப் பாதையின் அமைப்பிலேயே மிகுதியாக அடங்கியிருந்தது. முந்திய வண்டி எல்கையைத் தொட்டுத் திரும்பும்போது பிந்திய வண்டிகள் எதிரே பாய்ந்து வருவதால், குறுகிய சாலையில் சக்கரக் குடங்கள் உரசுவதும், அச்சின் நுனியில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் கடையாணி தெறித்து வண்டி குடைசாய்வதும் நேரக்கூடியவையாயின. சாலைகள் தார் பூசப்பட்டு, பேருந்தும் லாரியும் பெருகி, வண்டிகளின் பின்னே இருசக்கர வாகனங்களும் விரையத் தொடங்கியபின், சாலையோரம் நெருங்கி நிற்கும் பார்வையாளருக்கும் ஆபத்து கூடிற்று.

பொதுச் சாலைப் பந்தயங்கள் பிறநாடுகளிலும் இத்தகைய நெருக்கடியைச் சந்தித்தன. இத்தாலியின் மில்லே மில்யா மோட்டார் பந்தயத்தில் 1957ஆம் ஆண்டு ஒரு கார் கட்டுப்பாட்டை இழந்து, அதில் சென்ற இருவரோடு பார்வையாளர் ஒன்பது பேரும் மாண்டதால், சாலை வேகப்போட்டி என்ற நிலையில் அது முடிவுக்கு வந்தது. அங்கே பந்தயத்தை நிறுத்தியது மனித உயிரிழப்பு. தமிழ்நாட்டிலோ சட்டத்தின் முதன்மைக் கேள்வி மாட்டின் வதை பற்றியதாக அமைந்தது. இராமநாதபுரம் மாவட்டக் கிராமம் ஒன்றில் ரேக்ளா எனப்பட்ட மாட்டுவண்டிப் பந்தயம் நடத்த அனுமதி கோரிய மனுவின் மீதே, 2006 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஜல்லிக்கட்டையும் சேர்த்துத் தடைசெய்தது. அத்தீர்ப்பு 2007இல் நீக்கப்பட்டபோதும், காளைகளைக் காட்சி விலங்காகப் பயன்படுத்தலாகாது என 2011இல் மத்திய அரசு அறிவிக்க, 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயங்களையும் தடுத்தது.

2017ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து இயற்றப்பட்ட தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் ஜல்லிக்கட்டு என்ற சொல்லுக்குள் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா ஆகியவற்றைப் பெயர்சுட்டிச் சேர்த்தது. வண்டிப் பந்தயத்தை அவ்வாறு குறிப்பிடவில்லை. அச்சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2023 மே 18 அன்று உறுதிசெய்தது. வண்டிப் பந்தயத்தைத் தொடக்கமாகக் கொண்ட வழக்கு வரலாறு ஜல்லிக்கட்டின் வெற்றியாக நினைவுகூரப்படுவதற்கு இதுவே காரணம் எனலாம். மாட்டைப் பற்றிய கேள்விக்கு நீதிமன்றங்கள் விடை தேடின. மதுரை–தூத்துக்குடி நாற்கரச் சாலை அருப்புக்கோட்டையை ஒட்டிச் செல்லும் இக்காலத்தில், பொதுச் சாலை எவருக்கு, எவ்வளவு நேரம் உரியது என்ற கேள்வியோ ஒவ்வொரு பந்தயத்துக்கும் காவல்துறை தரும் அனுமதிக்குள்ளேயே தனித்தனியாகத் தீர்க்கப்பட்டு வருகிறது.